எந்த செலக்‌ஷனுக்கு ஓடறீங்க?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் 'வெள்ளிமலை' என்று போர்டு மாட்டிய பஸ்ஸைத் தேடுங்கள். கிடைத்தால் உடனே ஜன்னல் சீட்டில் துண்டைப் போடுங்கள். கிடைக்கலையா? டென்ஷன் ஆகாதீங்க, அடுத்த பஸ் கண்டிப்பா வரும். எப்ப வரும்னு மட்டும் யாரையும் கேட்கக் கூடாது!

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ரோடு மலை ஏறத் தொடங்கும். கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. கள்ளக்குறிச்சி, சேலம் என்று மாவட்டங்களைத் தாண்டிப் படுத்துக் கிடக்கிற மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று ரெண்டு பாகம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஏழாயிரம் அடியெல்லாம் கிடையாது. ரெண்டாயிரம் அடியில் ஆரம்பித்து நாலாயிரம் அடி வரைக்கும்தான். அதனால்தானோ என்னவோ, சினிமாக்காரங்களும் ஹனிமூன் ஜோடிகளும் இன்னும் இந்தப் பக்கம் கூட்டமா வரலை. கரியாலூரில் ஒரு பார்க், படகுத் துறை, மே மாசம் ஒரு கோடை விழா. டூரிஸ்ட் சமாசாரம் அவ்வளவுதான். வெள்ளிமலை இந்த மலையின் தலைமை ஊர். ஒன்றிய அலுவலகம், பள்ளிக்கூடம், நாலு டீக்கடை, ஒரு நீண்ட தெரு. ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது.

சரி, பார்க்கறதுக்கு என்னதான் இருக்கு பாஸ் என்கிறீர்களா? ரோடு இருக்கு. அந்த ரோட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மார்கழி மாசத்தில் நண்பனோட மாமா வீட்டில் ரெண்டு நாள் தங்கப் போயிருந்தேன். காலையில் அஞ்சரை மணிக்குக் குளிர் என்னை எழுப்பி விட்டது. ஆயிரம் மீட்டர் உயரே போனால் ஆறரை டிகிரி குறையும் என்று நாம ஸ்கூலிலேயே படிச்சிருக்கோம். அதைப் போர்வைக்கு உள்ளே இருந்து படிக்கும்போதுதான் ஃபார்முலாவின் அருமை தெரியும்! நண்பன் குறட்டையில் இருந்தான். ஷூவை மாட்டிக்கொண்டு, உடம்பு சூடாக ஊர் எல்லை வரைக்கும் ஓடிட்டு வரலாம் என்று கிளம்பினேன். திட்டம் அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர், மிஞ்சிப் போனால் ரெண்டு.

காலேஜ் கிரவுண்டில் ஓடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முதல் கிலோமீட்டர்தான் உலகத்திலேயே கேவலமான கிலோமீட்டர். மூச்சு முட்டும். முழங்கால் முறைக்கும். 'இது தேவையா உனக்கு?' என்று நுரையீரலே கேட்கும். ரெண்டாவது, மூணாவது கிலோமீட்டரில் என்ன மாயமோ, மூச்சும் காலும் ஒரு தாளத்தில் செட்டாகிவிடும். குளிரில் இது இன்னும் நல்லா நடக்கும். காரணம் சிம்பிள். நாம் எரிக்கிற சக்தியில் கால்வாசிதான் ஓட்டமாக மாறுகிறது. மிச்சம் முக்கால்வாசியும் சூடு. சென்னை வெயிலில் அந்தச் சூட்டை வெளியேற்றவே ரத்தம் தோலுக்கு ஓட வேண்டியிருக்கும், காலுக்குப் பஞ்சம் வந்துவிடும். குளிரில் அந்தப் பிரச்னை இல்லை. உலக மாரத்தான் சாதனைகள் எல்லாம் பெர்லின், லண்டன், சிகாகோ என்று குளிர்ந்த ஊர்களில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2023 அக்டோபரில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 42.195 கிலோமீட்டரை 2 மணி நேரம் 35 விநாடியில் முடித்தது சிகாகோவின் ஒரு குளிர் காலையில்தான்.

நமக்கும் கிப்டமுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வெள்ளிமலைக் குளிருக்கு அது தெரியவில்லை. ஊர் எல்லை வந்தது. நிற்கத் தோணலை. ரோடு காலியாக இருந்தது, இருட்டு வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் திடீரென்று ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி ஜில்லென்று முகத்தில் அடிக்கும், மேட்டில் ஏறினால் கொஞ்சம் கதகதப்பாகும். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி முழுக்கச் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கி நிற்கும். பஸ்ஸில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்து வந்தால் இது தெரியவே தெரியாது. ஓடினால் தொடைக்குத் தெரியும்.

ஊரைத் தாண்டும்போதே டீக்கடைக்காரர் அடுப்புப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"தம்பி, பஸ்சு உட்டுட்டியா? அடுத்தது வரும்யா, ஓடாத!"

கையை ஆட்டிவிட்டு ஓடினேன். மனுஷன் பாவம், பஸ் வருமே, எதுக்கு இவன் ஓடறான் என்று கவலைப்பட்டுக்கொண்டே நின்றிருப்பார்.

அதற்கு அப்புறம் ஒரு ஆயா. தலையில் முக்காடு மாதிரி துண்டு, இடுப்பில் கோணிப்பை. கடுக்காய் பொறுக்கப் போகிறவராக இருக்கலாம். இந்த மலைக் காட்டில் கடுக்காய் முக்கியமான வருமானம், தோல் பதனிடவும் மருந்துக்கும் போகிறது. என்னைப் பார்த்ததும் ரோட்டின் நடுவுக்கே வந்து நின்றுவிட்டார். முகத்தில் பதற்றம்.

"யாருக்கு என்னாச்சு சாமி?"

"ஒண்ணும் இல்லைங்க ஆயா. சும்மா ஓடறேன்."

"சும்மாவா?" அவர் நம்பலை. "ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா? சொல்லு, எங்க ஊட்டுப் பையன்கிட்ட வண்டி இருக்குது."

சத்தியமா ஒண்ணுமில்லை என்று அவரை நம்பவைக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

யோசித்துப் பாருங்கள். காலேஜ் கிரவுண்டில் ஒருத்தன் ஓடினால், 'ஃபிட்னெஸ்' என்று நினைப்போம். மெரினாவில் ஓடினால், 'டாக்டர் சொல்லியிருப்பார்' என்போம். இங்கே விடியற்காலையில் ஒருத்தன் தனியாக ஓடி வந்தால் அது கெட்ட சேதி. ஏனென்றால் பல குக்கிராமங்களுக்கு ஒழுங்கான ரோடு கிடையாது. பிரசவ வலி எடுத்தாலோ, பாம்பு கடித்தாலோ, தூளி கட்டித் தூக்கி வந்து மெயின் ரோட்டில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னாடி ஒருத்தர் ஓடி வந்து வண்டிக்குச் சொல்ல வேண்டும். ஆயா அந்த ஒருத்தராகத்தான் என்னைப் பார்த்தார்.

வரலாறு கொஞ்சம். கொட்டாவி விடாதீங்க, சீக்கிரம் முடிச்சுடறேன். இங்கே இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடி மக்கள். பேரைக் கேட்டுவிட்டு 'கேரளாவா?' என்று கேட்டு அசடு வழியாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பேர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்ததாக அவர்களே கதை சொல்வார்கள். இந்த மலை நீண்ட காலம் மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாட்டுக்கே சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 1976-ல்தான் அரசாங்கம் இதை முழுசாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. நம்ம அப்பா, அம்மா பிறந்த காலம் சார் அது! மற்ற ஊர்கள் 1947-ல் ஓட ஆரம்பித்த ஓட்டத்தை இந்த மலை 29 வருஷம் லேட்டாக ஆரம்பித்திருக்கிறது.

திரும்பவும் ரோட்டுக்கு வருவோம். ஒரு வளைவில் மூணு பேர் தலையில் மூட்டையோடு எதிரே வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அடுத்த விநாடி மூணு பேரும் ரோட்டை விட்டுச் சரிவில் இறங்கிவிட்டார்கள். நான் தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்த்தால், மெதுவாக மறுபடி ஏறி வந்து நடந்துகொண்டிருந்தார்கள். மூட்டையில் வெறும் மரவள்ளிக் கிழங்காகவும் இருக்கலாம். எனக்குப் பின்னாடி யாராவது துரத்தி வருகிறார்களா என்று பார்த்திருக்கலாம். அல்லது நானே துரத்துகிற ஆளோ என்று நினைத்திருக்கலாம்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். உயிரைக் குடித்தது மெத்தனால். நடந்தது கீழே, நகரத்தில். ஆனால் அதற்குப் பிறகு போலீஸ் ரெய்டு என்று மலைமேலும் ஏறியது, ஊறல்களைத் தேடி அழித்தது. கல்வராயன் என்றாலே சாராயம் என்று கீழே ஒரு முத்திரை குத்திவிட்டார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், அதே 2024-ல், இந்த மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டது.

இன்னொரு ஓட்டமும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து ஆட்கள் அதில் நிறைய. கல்வராயனிலிருந்தும் கூலிக்கு என்று ஆந்திரா போய், செம்மர வழக்கில் மாட்டி, ஜெயிலில் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். வேலை இல்லாத மலையில் புரோக்கர் வந்து ஒரு தொகை சொன்னால் என்ன பண்ணுவார்கள்? இந்த மலைக்காரங்களுக்கு 'ஓட்டம்' என்ற வார்த்தை நமக்குச் சொல்கிற அர்த்தத்தைச் சொல்வதில்லை.

இதெல்லாம் யோசித்துக்கொண்டே எத்தனை கிலோமீட்டர் போனேன் என்று பார்க்கவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு காலடிச் சத்தம். 'தப் தப் தப்'... என்னை விட ரெண்டு மடங்கு வேகம். திரும்புவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார்.

என் வயசுதான் இருக்கும். மங்கிப் போன நீல டி-ஷர்ட், அரை டிராயர், ஒரு கையில் போன், இன்னொரு கையில்... ஷூ! ஆமாம், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் ஓடினார்.

"குட்மார்னிங் நண்பா," என்றார் மூச்சே வாங்காமல். "எந்த செலக்‌ஷனுக்கு ஓடறீங்க?"

"செலக்‌ஷனா?"

"போலீஸா, ஆர்மியா?"

"ரெண்டும் இல்ல. சும்மாதான்."

ஆயா மாதிரியே அவரும் நம்பலை. ஆனால் ஆயா மாதிரிப் பதறலை, சிரித்தார். "சும்மா ஓடறதுக்கு இவ்ளோ தூரமா? நான் ரெண்டாம் நிலைக் காவலர் எக்ஸாமுக்கு. ஆயிரத்தி ஐநூறு மீட்டர், ஏழு நிமிஷம்."

தமிழ்நாட்டுக் கிராமங்களில் விடியற்காலை ஓடுகிற பசங்களில் பாதிப் பேர் இந்த ஏழு நிமிஷத்துக்காகத்தான் ஓடுகிறார்கள் என்று அடித்துச் சொல்வேன். எழுத்துத் தேர்வு தேறினால் உடல்தகுதி. ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அதற்கு மேல்தான் கயிறு ஏறுதல், தாண்டுதல் எல்லாம். பழங்குடியினருக்கு உயரம் 167 சென்டிமீட்டர் போதும். "நான் நூத்தி அறுபத்தெட்டு," என்றார் கொஞ்சம் பெருமையாக. "ஒரு சென்டிமீட்டர் லாபம்."

அவரோட டைமிங் என்ன தெரியுமா? ஐந்து நிமிஷம் நாற்பது. ஏற்ற இறக்கமான மலை ரோட்டில், வெறுங்காலில்! ஏழு நிமிஷம் கொடுத்திருக்காங்களே, அப்புறம் எதுக்கு இவ்வளவு வேகம் என்றேன்.

"கிரவுண்டுல எப்படி இருக்கும்னு தெரியாது நண்பா. காலையில வரச் சொல்லிட்டு மத்தியானம் ஓட விடுவாங்கன்னு சொல்றாங்க. வெயில் இருக்கும். சாப்பிட்டிருக்க மாட்டோம். அதுக்கும் சேர்த்துத்தான்."

ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்டா எனக்கு அது உடனே புரிந்தது. இதுக்குப் பேர்தான் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி. பாலம் கட்டுகிறவன் லோடு பத்து டன் என்றால் இருபது டன்னுக்கு டிசைன் பண்ணுவான். இவர் தன் காலுக்கு அதைப் பண்ணியிருக்கிறார், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர் எழுதாமலேயே.

ஷூ எதுக்குக் கையில்? "இது ஒண்ணுதான் இருக்கு. இறக்கத்துல தேயுது. செலக்‌ஷன் அன்னிக்கு வேணுமில்ல?" மெக்சிகோ மலையில் ராராமுரி என்று ஒரு பழங்குடி. 2017-ல் அந்த இனத்துப் பெண் லொரேனா ராமிரெஸ், 22 வயசு, நீளப் பாவாடையும் செருப்பும் போட்டுக்கொண்டு 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார். உலகமே வாயைப் பிளந்தது, டாகுமென்டரி எல்லாம் எடுத்தார்கள். நம்ம ஆளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "அவங்களுக்கு வேலை குடுத்தாங்களா?"

பதில் தெரியலை எனக்கு.

அடுத்த கொஞ்ச தூரம் எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே ஓடினார். பேசிக்கொண்டே ஓடினோம். கள்ளக்குறிச்சியில் டிகிரி முடித்திருக்கிறார். சீசனுக்குக் குடகு காபித் தோட்டத்தில் வேலைக்குப் போவார், மிளகு பறிக்கக் கேரளா போவார். இப்போ ஊரில் மரவள்ளி அறுவடை. கிழங்கு சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். தங்கச்சியும் போலீஸுக்குத்தான் படிக்கிறார். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். "அது ரோட்டுல ஓடாது. பள்ளிக்கூட கிரவுண்டுலதான் ஓடும், நான் போய் நிக்கணும்." ஏன் என்று நான் கேட்கலை. தோழிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'தனியா ஓடறது சுகம்' என்று நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகிறேன். அந்தச் சுகத்தில் பாதி, ஆம்பளைப் பையன் என்பதால் ஃப்ரீயாகக் கிடைத்தது.

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு அவராகவே சொன்னார்: "எங்க சித்தப்பா ஆந்திராவுல எட்டு மாசம் உள்ள இருந்தாரு. மரம் வெட்டலை, சமைக்கப் போனாரு. நான் போலீஸுக்குப் போறேன்னு சொன்னதும் ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் இந்த ஷூவ வாங்கிட்டு வந்து குடுத்தாரு."

நான் எதுவும் சொல்லலை. சொல்வதற்கு மூச்சும் இல்லை, உண்மையைச் சொன்னால் வார்த்தையும் இல்லை.

ஒரு சின்னப் பாலத்தில் அவர் நின்றார். அவரோட எல்லை அது. "திரும்பலையா நீங்க?" என்றார். இன்னும் கொஞ்சம் போறேன் என்றேன். "இறக்கம் ஆரம்பிச்சா நிறுத்த முடியாது நண்பா. கீழ கோமுகிதான்!" சிரித்துவிட்டு, போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, வந்த வழியே மேட்டில் பறந்தார்.

அவர் சொன்னது உண்மை. இறக்கம் ஆரம்பித்தது, நிறுத்த முடியலை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லணும். முன்னாடி, 2019 வரைக்கும், கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அதே விழுப்புரத்தின் இன்னொரு கோடியில், கடலோரமாக, ஆரோவில் இருக்கிறது. அங்கே வருஷா வருஷம் பிப்ரவரியில் ஒரு மாரத்தான் நடக்கும். அதில் டைமிங் கிடையாது, பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. ஓடுகிற சந்தோஷத்துக்காக மட்டும் ஓடுவது. அருமையான விஷயம், வாய்ப்புக் கிடைத்தால் போய் ஓடுங்கள். பழைய மாவட்டத்தின் அந்தக் கோடியில் நேரமே பார்க்காமல் ஓடுகிறார்கள். இந்தக் கோடியில் ஒருத்தர் ஏழு நிமிஷத்துக்குள் தன் குடும்பத்தையே ஓடிக் கடக்கப் பார்க்கிறார். அன்றைக்கு நான் ஓடியது ஆரோவில் ஓட்டம், இந்தக் கோடியில் வந்து.

இறக்கத்தைப் பற்றி எச்சரிக்கை. 'இறக்கம்தானே, ஈஸி' என்று நினைக்காதீங்க. சின்னக் கணக்கு போடுவோம். 60 கிலோ ஆசாமி 100 மீட்டர் உயரம் இறங்கினால் எம்.ஜி.ஹெச். எவ்வளவு? 58,800 ஜூல். பஸ் இறங்கும்போது அந்த சக்தி பிரேக்கில் சூடாகும், வாசனைகூட வரும். நமக்கு பிரேக் தொடைத் தசைதான். ஒவ்வொரு அடிக்கும் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போது ஒண்ணும் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் கச்சேரி! மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவீர்கள், ஹாஸ்டலே கைதட்டும்.

மலை ரோட்டில் ஓடினால் வண்டிக்கு எதிர்ப்பக்கமாக ஓடுங்கள், எதிரே வருவது கண்ணில் படும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் ஒட்டாதீங்க, லாரி பின் சக்கரம் அங்கேதான் ஏறும். போன் சிக்னல் வரும், போகும், போனது போனதுதான், அதனால் எங்கே போகிறோம் என்று முன்னாடியே ஒருத்தரிடம் சொல்லி வையுங்கள். காட்டுக்குள் கிளை பிரிகிற பாதையில் ஆர்வக்கோளாறில் நுழையாதீங்க. கரடி இருக்கிறது. வனத்துறையும் இருக்கிறது.

வழியில் பெரியார் நீர்வீழ்ச்சி. ரோட்டோரத்திலேயே இருப்பதால் ஓடிக்கொண்டே சத்தம் கேட்கலாம். மழைக்காலத்து ஆர்ப்பாட்டம் இல்லாமல், பாறையில் நிதானமாக வழிந்துகொண்டிருந்தது. முகம் கழுவினேன். பல் கிடுகிடுத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இங்கே சோப்பு நுரையும் குர்குரே பாக்கெட்டும்தான் மிதக்கும் என்றார் அங்கே ஆடு மேய்த்த ஒரு அண்ணன். அந்த பாக்கெட்டுகள் இறக்கம் முழுக்க ரோட்டோரத்தில் என்கூடவே வந்தன. நாமதான் போட்டது, வேற யாரு?

வெயில் ஏற ஏற, குளிர் ஒவ்வொரு வளைவாகக் கழன்று போனது. மேலே கட்டிக்கொண்டு வந்த ஸ்வெட்டர் இடுப்புக்கு வந்தது. காதுக்குள் அடைப்பு 'ப்ளாப்' என்று திறந்தது. மரங்களின் ஜாதி மாறியது, காற்றின் வாசனை மாறியது. கீழே கோமுகி அணை வெள்ளித் தட்டு மாதிரி தெரிய ஆரம்பித்தது. முழுக் கொள்ளளவு 46 அடி. மேட்டூரோடு ஒப்பிட்டால் பொடியன். ஆனால் கல்படை, பொட்டியம், பரிகம் என்று மலையில் வழிகிற ஓடைகள் எல்லாம் சேருவது இங்கேதான், கள்ளக்குறிச்சிப் பக்கத்து வயல்கள் பச்சையாக இருப்பது இந்தத் தண்ணீரில்தான். மலையில் பெய்த மழை, கீழே நெல். மேலே இருக்கிறவர்கள் இன்னும் சாமையையும் மரவள்ளியையும் வானத்தைப் பார்த்து விதைக்கிறார்கள்.

அணைக்கரைக்கு வந்தபோது கால் என்னுடையது இல்லை. போனைப் பார்த்தேன், இருபது கிலோமீட்டருக்கு மேலே. அரை மாரத்தான் 21.1. வாழ்க்கையில் அதுவரைக்கும் நான் ஓடிய அதிகபட்சம் எட்டு! உடம்பு ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு, சுமாராக ஒரு கலோரி எரிக்கும் என்பது ஓட்டக்காரர்களின் கணக்கு. 60 கிலோவுக்கு 21 கிலோமீட்டர் என்றால் 1,260. இட்லிக் கணக்கில் இருபதுக்கு மேல். நான் எட்டோடு நிறுத்திக்கொண்டேன், கடைக்காரர் முகம் மாறியதால்.

கடையில் கரும்பு லாரி டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது, அரவை சீசன். "எங்கருந்து தம்பி வர்றீங்க, இப்படி நனைஞ்சு?" என்றார் ஒருத்தர். வெள்ளிமலை என்றேன். "வண்டி என்ன ஆச்சு?" ஓடி வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் இன்னொருத்தர் மெதுவாகக் கேட்டார், "பந்தயமா? எவ்வளவு?"

இந்த மலையிலிருந்து வேறு மாதிரி ஓட்டத்திலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சேலம் பக்கம் கருமந்துறை இதே கல்வராயன் மலைதான். அங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2025-ல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறி, சென்னை ஐ.ஐ.டி.யில் சேர இடம் பிடித்தார். நம்மில் எத்தனை பேர் கோட்டா கோச்சிங், சென்னை கோச்சிங் என்று லட்சக்கணக்கில் கட்டிவிட்டு கட் ஆஃபைக்கூடத் தொடாமல் வந்தோம்? சும்மா கேட்டேன், கோபப்படாதீங்க.

ஒன்பதரைக்கு மேல் மலை ஏறுகிற பஸ் வந்தது. படியில் ஏறவே கம்பியை ரெண்டு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் சரிந்தேன். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடி இறங்கியதை பஸ் அலட்சியமாக ஏறியது. நான் மூச்சு வாங்கிய வளைவு, முகம் கழுவிய அருவி, எல்லாம் ஜன்னலில் சர்ரென்று பின்னால் போனது. அந்தச் சின்னப் பாலமும் வந்தது, போனது.

பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டிரெய்லரில் மரவள்ளி மூட்டைகள். பஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினார். கீழே வயலிலிருந்து அதே நீல டி-ஷர்ட், முதுகில் ஒரு மூட்டையோடு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. வெறுங்கால்தான். நான் ஜன்னலில் கையை நீட்டி, "நண்பா!" என்று கத்தினேன். மூட்டையை டிரெய்லரில் சரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"கோமுகி வரைக்குமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"டைமிங் என்ன?"

அதற்குள் டிராக்டர் ஒதுங்கியது, பஸ் கிளம்பிவிட்டது.